சாக்பீஸ் அழிந்த ஆறு டப்பாக்கள்

பதினேழு நாள் எட்டிப்பார்க்காமல் பொறுத்திருந்த டெய்லரக்காவுக்கு அன்று காலை டீ ஆறுகிற வரைகூடப் பொறுக்க முடியவில்லை. டம்ளரைத் தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு நடந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டின பலகையில், ஆறு தகர டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் செடி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் முழிக்க வேண்டாம், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்பக்கத் தோட்டம் அவர் போட்டது. பதினாலு வருஷமாக ஒரே தக்காளியை, வருஷா வருஷம் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, தேற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பழத்துக்கு அடியில் கூர்மையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வீட்டில் அதற்கு மூக்கன் என்று பேர். போன வருஷக் காய்ப்பு முடிந்த கையோடு மனுஷரும் போய்விட்டார். விதை பழசாகி முளைக்காமல் போய்விடுமோ என்று பயந்து, இருந்த விதை அத்தனையையும் அக்கா இந்த வருஷம் ஒரே தடவையில் போட்டுவிட்டாள். பத்து விதையைத் தனியாக எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது தோன்றாமல் போனதில் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

வந்த இருபத்திரண்டு செடியும் முழங்கால் உயரத்தில் நுனி சுருண்டன. இலை குறுகிக் குவிந்தது. தண்டு முறுக்கிக்கொண்டது. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. வெங்காயம் நன்றாக இருக்கிறது, சோளம் ஆளுயரம் நிற்கிறது, தக்காளி மட்டும் இப்படி.

சந்தேகம் இரண்டு பேர் மேல். குழாயில் தண்ணீர் வராத வாரத்தில், துணி அலசின தண்ணீரை மருமகள் தக்காளிப் பாத்தியில் ஊற்றியிருந்தாள். அதற்கு முன்னால் அக்காவின் தம்பி, குதிரை லாயத்திலிருந்து ஒரு லாரி எரு கொண்டுவந்து இறக்கியிருந்தான். நாற்றுக்கடைக்காரர் ஒரு சுருண்ட இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மண்ணுல ஏதோ மருந்து சேந்திருக்கு. எதுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்னா பீன்ஸ் போட்டுப் பாருங்க. தக்காளிக்கு ஆகாதது அதுக்கும் ஆகாது. ரெண்டு மூணு வாரத்துல காட்டிக்குடுத்துடும்" என்றார்.

அதற்குத்தான் இந்த ஆறு டப்பா. இரண்டில் வெறும் மண். இரண்டில் அலசின தண்ணீரில் ஊறின மண். இரண்டில் எரு கலந்த மண். மருமகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், இப்படி இரண்டிரண்டாக வைக்கச் சொன்னது அவள்தான்.

இதில் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, நமக்குள் இருக்கட்டும். பழி மருமகள் மேல் விழ வேண்டும் என்பதுதான் அந்த ஆசை.

மருமகளைப் பிடிக்காதா என்று கேட்காதீர்கள். பிடிக்கும். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் இவர்கள் இருவர்தான். மருமகள் எங்கேயும் போகமாட்டாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அவ்வளவுதான். தம்பி அப்படியில்லை. அவன் போனால் போனதுதான்.

ஒன்பது வருஷம் முன்னால் அவர்களுடைய அம்மா இறந்தபோது, தம்பி இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தான். அவன் ஓட்டிவந்த லாரி நடுவழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. அதைக் கேட்கக்கூட அக்காவுக்குப் பொறுமை இல்லை. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "இப்ப எதுக்கு வந்தே, பாரம் ஏத்தவா?" என்று கேட்டாள். தம்பி திரும்பி நடந்தான். ஒன்பது வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அத்தான் செத்தபோது வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். மூன்று மாதம் முன்னால்தான் எருவை ஏற்றிக்கொண்டு வந்து, "அத்தான் தோட்டத்துக்கு" என்று சொல்லி இறக்கினான். அதற்கப்புறம் இரண்டு தடவை வந்தான், வாசல் கேட் வரைக்கும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அவன் ஆசையாகக் கொண்டுவந்த எருதான் அத்தானின் தக்காளியை அழித்தது என்று தெரிந்தால் அவன் மறுபடி வருவானா? அக்காவுக்கு அந்த ஒரே கவலைதான்.

அந்தக் கவலையோடு பலகைக்கு முன்னால் போய் நின்றவள் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்தாள். டப்பாக்களில் ஒரு குறியும் இல்லை.

அக்கா எல்லாவற்றுக்கும் தையல் சாக்பீஸ்தான் எடுப்பாள். சிலிண்டர் மாற்றின தேதி சுவரில், யாருக்கு எந்த நாள் உடுப்பு என்பது பீரோ கதவில். டப்பாக்களிலும் அதாலேயே, வெறும் மண்ணுக்குக் கோடு, தண்ணீருக்கு வட்டம், எருவுக்குப் பெருக்கல் குறி என்று போட்டிருந்தாள். அன்றைக்கே மருமகள் மார்க்கர் பேனாவை நீட்டினாள். "இதுல எழுதினா அழியாது அத்தை" என்றாள். "முப்பது வருஷமா சாக்பீஸ் கோட்டை நம்பித்தான் ஊரார் துணியில கத்திரி வைக்கிறேன். உன் பேனா உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அக்கா ஒரே வெட்டாக வெட்டினாள். துணியில் நிற்கிற கோடு தகரத்தில் நிற்குமா? தினம் தண்ணீர் விட்டதில் பாதி கரைந்தது. போன வாரம் பெய்த மழையில் மீதியும் போனது. மழைக்கு மருமகள் டப்பாக்களை உள்ளே எடுத்து, திரும்ப வெளியே வைத்ததில் வரிசையும் மாறிவிட்டது.

இப்போது நான்கு டப்பாவில் செடி நிமிர்ந்து, இலை உள்ளங்கை போல விரிந்திருந்தது. ஒரு சிவப்பு எண்ணெய் டப்பாவிலும் ஒரு பிஸ்கட் டப்பாவிலும் மட்டும் இலை சுருண்டு, தண்டு வளைந்து கிடந்தது. தக்காளிக்கு வந்த அதே சுருட்டல். ஏதோ ஒன்று குற்றவாளி என்பது தெரிந்துவிட்டது. எது என்று தெரியவில்லை.

டப்பாவைக் கவிழ்த்தால் தெரிந்துவிடாதா? எரு கலந்ததில் புல் துணுக்கு கிடக்குமே. இது அக்காவுக்கு உறைக்காமல் இல்லை. கை சிவப்பு டப்பா வரை போகவும் போனது. மத்தியானம் ஆகட்டும், அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

சமையலறையில் மருமகள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு வாளி நிறைய அலசின தண்ணீர் இருந்தது. பாத்தியில் ஊற்றினதற்காக அக்காவிடம் திட்டு வாங்கின நாளிலிருந்து அவள் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தோட்டத்தில் விடுவதில்லை. இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய்த் தெருச் சாக்கடையில் கொட்டிவிட்டு வருவாள். வேண்டாம் என்று அக்காவும் சொல்லவில்லை.

"எந்த டப்பா எதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லைத்தை."

"தினம் தண்ணி விட்டது நீதானே."

"விட்டேன். பாத்து வைக்கல."

ஒரு நாளைக்கு நூறு பேருடைய ரத்தத்தைப் பேர் மாறாமல் அடுக்குகிறவள், ஆறு டப்பாவைப் பார்த்து வைக்கவில்லையாம். அக்காவுக்குச் சுருக்கென்றது. தெரிந்துகொண்டேதான் மறைக்கிறாள், அப்படியென்றால் சுருண்டது அலசின தண்ணீர்தான். மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதற்குப் போய் நிம்மதி வருகிறதே என்று கூச்சமாகவும் இருந்தது. அந்தக் கூச்சம் தாங்காமல் வாய் முந்திக்கொண்டது.

"மறைக்கிறவங்களைக் கேட்டு என்ன ஆகப்போகுது. அவர் பதினாலு வருஷமா காப்பாத்தினதை ஒரு வாளி சோப்புத் தண்ணி முடிச்சுடுச்சு. அவ்வளவுதான்."

மருமகள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு ஒரு கிழங்கைக் கழுவப் போட்டாள்.

"மாமா எத்தனை மணிக்கு வர்றாங்க அத்தை?"

"ஒரு மணிக்கு."

"அப்ப முட்டையை அப்புறமா வேக வெக்கிறேன். சூடா இருக்கும்."

இந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அக்காவுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது தாங்கவில்லை. அக்கா முன் அறைக்குப் போய் வெட்டு மேஜையைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை கிடையாது. துணி வெட்டுகிற மேஜைதான் எல்லாவற்றுக்கும். விளிம்பு நெடுக இன்ச் டேப்பை ஆணியடித்து வைத்திருக்கும். அக்கா துணித் துண்டுகளை ஒதுக்கி, குண்டூசி ஏதாவது கிடக்கிறதா என்று உள்ளங்கையால் மூன்று தடவை தடவிப் பார்த்து, மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்தாள்.

ஒரு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது லாரி வந்தது. தம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலை பாதி நரைத்த ஐம்பத்திரண்டு வயது ஆள்தான். ஆனால் கேட்டுக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தடுமாறி நின்றான். அக்கா போய்க் கேட்டை அகலத் திறந்தாள்.

"வாடா. உள்ள வா."

"இரு. ஒண்ணு இறக்கணும்."

லாரியின் பின்கதவைத் திறந்தான். எட்டு மூட்டை எரு.

"போன தடவை குடுத்தது தீந்திருக்கும்னு நினைச்சேன். நல்லா மக்கினது. லாயத்துக்காரன்கிட்ட பேசிப் பேசி வாங்கினேன். என் கையாலயே அள்ளிக் கட்டினேன் அக்கா."

பக்கவாட்டுக் கதவுக்கு ஓரமாக மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து அடுக்கினான். வெள்ளைச் சட்டை அழுக்காகிறதே என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தக்காளி எப்படி இருக்கு?" என்று கேட்டான், மூச்சு வாங்கிக்கொண்டே.

"முதல்ல சாப்பிடு. பின்னாடி பாத்துக்கலாம். சோளம் வந்து பாரு, என்னை விட உசரம். எல்லாம் உன் எருவாலதான்."

அதில் பொய் இல்லை. சோளத்துக்கு அந்த எரு நன்றாகத்தான் ஒத்துக்கொண்டிருந்தது. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தம்பி முன் அறைக் குழாயிலேயே கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தான். விளிம்பில் இன்ச் டேப்பைப் பார்த்துச் சிரித்தான்.

"அளந்துதான் சாப்பிடணுமா?"

"உன் வயித்துக்கு அந்த டேப் பத்தாது," என்றாள் அக்கா. மருமகள்கூடச் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் பதினேழு நாளுக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு அது.

சோளம், வெங்காயம் இரண்டும் தோட்டத்தது. கிழங்கும் முட்டையும் கடையில் வாங்கினது. ஓரத்தில் ஒரு தட்டில் வெட்டின தக்காளி, அதுவும் கடையிலிருந்து வந்ததுதான். தம்பி எல்லாவற்றையும் நிதானமாக, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். கடைசியில் தக்காளித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான்.

"இது மூக்கன் இல்லையே," என்றான்.

அக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"மூக்கன் உனக்கு எப்படிடா தெரியும்?"

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தக்காளிக்கு மூக்கு நீள ஆரம்பித்தே எட்டு வருஷம்தான் ஆகிறது. பேர் வைத்தது அதற்கப்புறம். தம்பி பேச்சை நிறுத்திப் போனது ஒன்பது வருஷம் முன்னால்.

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அத்தான் கொண்டுவந்து குடுப்பாரு. வருஷா வருஷம். அவர் போற பஸ்ஸுக்குக் கடைசி ஸ்டாப் எங்க லாரி யார்டுதானே. ரிட்டயர் ஆனப்புறமும் பஸ் ஏறி வந்தாரு. நாலு பழம், அஞ்சு பழம், பேப்பர்ல சுத்தி."

"என்ன சொல்வாரு?"

"பெருசா ஒண்ணும் சொல்லமாட்டாரு. 'உங்கக்கா நல்லா இருக்கா' அப்படின்னு மட்டும் சொல்வாரு. நான் கேக்க மாட்டேன். அவரா சொல்வாரு."

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அணில் தின்னுடுச்சுன்னு நினைச்சேன். நல்ல பழமாப் பாத்து அஞ்சு காணாமப் போகும். ஒரு வருஷம் வலைத்துணியில பை தைச்சு ஒவ்வொரு பழத்துக்கும் கட்டினேன். பை அப்படியே இருக்கு, பழத்தைக் காணோம். அணிலுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுதேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அதையும் சொன்னாரு. 'உங்கக்கா போட்ட முடிச்சை அவிழ்க்கிறதுக்குள்ள என் நகம் போச்சு'ன்னு காட்டினாரு."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, வெள்ளைத் துணியின் ஓரத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்துப்போன மனுஷர் மேல் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்றும் அவளுக்குத் தெரியும். சண்டைதான் போட்டிருப்பாள். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

அந்த அழுகையில் அவள் கவனம் தப்பிவிட்டது. தம்பி எழுந்து, "கை கழுவிட்டு வர்றேன்" என்று, முன் அறைக் குழாயை விட்டுப் பின்வாசல் பக்கம் போனதை அவள் கவனிக்கவில்லை. மருமகள்தான் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்னாலேயே போனாள்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அதற்கப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் அக்கா தம்பியின் காலி நாற்காலியைப் பார்த்தாள். எழுந்து ஓடினாள்.

தம்பி தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்தான். ஒரு செடியின் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தான். அடுத்த செடிக்கு நகர்ந்தான். இருபத்திரண்டையும் அப்படியே பார்த்து முடித்தான். எழுந்தபோது பலகையும் டப்பாக்களும் கண்ணில் பட்டன.

"இது என்னம்மா?" என்று மருமகளிடம் கேட்டான்.

"அது ஒண்ணும் இல்ல மாமா. சும்மா விதை போட்டது."

லாரி ஓட்டுகிறவன்தான், ஆனால் கண் இருக்கிறதே. சிவப்பு டப்பாவில் சுருண்டு கிடந்த பீன்ஸ் இலையையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் கவிழ்த்து, மண்ணை விரலால் பிரித்தான். மக்காத புல் துணுக்கு நாலைந்து. நடுவில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயிற்று நார், விரல் நீளம்.

"இது லாயத்துல புல்லுக் கட்டுக்குப் போடற கயிறு," என்றான். குரல் இறங்கிவிட்டது. "களை ஒண்ணுகூட இல்லாத புல்லுன்னு பெருமையா சொன்னான் அந்த ஆளு. புல்லை விட்டுட்டு மத்த செடியைக் கொல்ற களை மருந்து அடிச்சிருக்கான். அந்தப் புல்லைத்தான் குதிரை தின்னிருக்கு. மருந்து சாணியோட இங்க வந்துடுச்சு." நாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான்தானா?"

அக்கா பயந்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

மருமகள் முன்னால் வந்தாள். "அப்படிச் சொல்ல முடியாது மாமா. நானும் அந்தப் பாத்தியில சோப்புத் தண்ணி ஊத்தினேன். ரெண்டு மூணு தடவை ஊத்தினேன். அதனாலயும் இருக்கலாம்."

இதோ, அக்கா கேட்டுக்கொண்டிருந்த வழி. தானாக வந்து காலடியில் விழுந்திருக்கிறது. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும், தம்பி திரும்பவும் மேஜைக்கு வந்து உட்காருவான், டீ குடிப்பான், அடுத்த ஞாயிறும் வருவான். மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் வாளிப் பிடி அழுத்தின தழும்பு சிவப்பாக இருந்தது.

"இல்ல," என்றாள் அக்கா. "அவ தண்ணியில ஒரு குத்தமும் இல்ல. எருதான் தம்பி."

அக்கா விடாமல் சொன்னாள், நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று அவளுக்கே தெரியும்.

"உன் எருவா இருக்கக் கூடாதுன்னு பதினேழு நாளா வேண்டிக்கிட்டு இருந்தேன். நீ மறுபடியும் போயிடுவியோன்னு பயம். அந்தப் பயத்துல இந்தப் பொண்ணை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என் மேலதான் தப்பு. உன்னை அன்னிக்குப் பேசினதும் தப்புதான். ஒன்பது வருஷமா சொல்லணும்னு இருந்துச்சு, வாய் வரல."

தம்பி கையிலிருந்த மண்ணை டப்பாவில் திரும்பப் போட்டான். டப்பாவைப் பலகையில் வைத்தான். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான். லாரிக் கதவு சாத்துகிற சத்தம். எஞ்சின் கிளம்புகிற சத்தம்.

அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டான்," என்றாள்.

மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். விதை போட்ட முதல் நாள் எடுத்த படம். ஆறு டப்பாவும் வரிசையாக, அக்காவின் சாக்பீஸ் குறிகள் பளிச்சென்று. சிவப்பு எண்ணெய் டப்பாவில் பெருக்கல் குறி. பிஸ்கட் டப்பாவிலும் பெருக்கல் குறி.

"உங்க பிள்ளை பாக்கட்டும்னு எடுத்து அனுப்பினேன் அத்தை."

"அப்ப உனக்குத் தெரியும்."

"எட்டு நாளா தெரியும். இலை சுருள ஆரம்பிச்ச அன்னிக்கே எடுத்துப் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன்டி என்கிட்ட திட்டு வாங்கினே?"

"மாமா வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போகட்டும்னுதான். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அதுவரைக்கும் உன் பேரு கெட்டாப் பரவாயில்லையா?"

"உங்ககிட்ட மட்டும்தானே கெட்டுச்சு," என்றாள் மருமகள். "வெளியில இல்லையே. சரி பண்ணிக்கலாம்னு நினைச்சேன்." சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. "ஆனா காலையில சொன்னீங்களே, அது வலிச்சுச்சு."

அக்கா அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தவள், சொல்லியே விட்டாள். அவள் அப்படிச் சொல்லி அந்த வீட்டுச் சுவர்கள்கூடக் கேட்டதில்லை.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் தூரமாகப் போகவில்லை என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. பக்கவாட்டுச் சந்தில் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வேலியில் இடிக்க ஒரு சாண் இருக்கும்போது நின்றது. தம்பி இறங்கி வந்து பின்கதவைத் தட்டித் திறந்தான். அடுக்கி வைத்த எட்டு மூட்டையையும் மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றினான். ஏற்றி முடித்துவிட்டுப் படிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மண்வெட்டி எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"நான் கொண்டுவந்து கொட்டினதை நான்தானே அள்ளணும். தக்காளிப் பாத்தி முழுக்க ஒரு முழம் ஆழத்துக்கு எடுத்துட்டு வேற மண்ணு போடணும். ஒரு நாள்ல ஆகாது. நாலஞ்சு ஞாயித்துக்கிழமை ஆகும்."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"போகணும்னுதான் வண்டியில ஏறினேன்," என்றான் தம்பி. "கியரும் போட்டேன். அப்ப அத்தான் நகத்தைக் காட்டினது ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு முடிச்சா அவிழ்த்து ஒரு மனுஷன் எடுத்துட்டு வந்து குடுத்திருக்காரு. நான் பாட்டுக்குப் போயிட்டா அவருக்கு என்ன மரியாதை."

மண்வெட்டியை எடுக்கத் திரும்பினவன் நின்றான்.

"விதை கொஞ்சம்கூட மிச்சம் இல்லையா அக்கா?"

"ஒண்ணு இல்ல. எல்லாத்தையும் போட்டுட்டேன்."

தம்பி பின்கழுத்தைச் சொறிந்தான். "யார்டுல ஷெட்டுக்குப் பின்னாடி நாங்க சாப்பிட்ட மிச்சம் கொட்டற இடம் ஒண்ணு இருக்கு. அத்தான் குடுத்த பழத்துல அழுகின பாகத்தை அங்கதான் வெட்டிப் போடுவேன். இந்த வருஷம் அங்க தானா ஒரு தக்காளிச் செடி வந்திருக்கு. போன வாரம் பாத்தப்ப பூ இருந்துச்சு. அது எந்தத் தக்காளின்னு நான் பாக்கல."

அக்கா எழுந்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு. நாளைக்குக் காலையில அந்த இடத்துக்கு ஜல்லி வருது. பூரா சிமெண்ட் தரை போடப்போறாங்க. இன்னிக்கே ஆள் வந்து சுத்தம் பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. செடி இருக்கோ இல்லையோ."

"அப்ப இங்க நின்னு என்ன பேசிக்கிட்டு இருக்கே. வண்டியை எடு."

அக்கா நிமிர்ந்த பீன்ஸ் இருந்த டப்பா ஒன்றை எடுத்து, நல்ல மண்தானா என்று ஃபோன் படத்தில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். செடிகளை மெதுவாகப் பிடுங்கி ஓரமாக நட்டுவிட்டு, மண்ணோடு டப்பாவைக் கையில் பிடித்தாள். தம்பி மண்வெட்டியோடு முன்னால் போனான். மருமகள் படியிலேயே நின்றாள்.

"நீ ஏன் நிக்கிறே?"

"நானுமா அத்தை?"

"நீ இல்லாம எதைப் பாத்து எது எதுன்னு சொல்றது. ஏறு." அக்கா லாரியின் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "உன்னோட அந்த மார்க்கர் பேனா எங்க?"

"பையில இருக்கு."

"போய் எடுத்துட்டு வா," என்றாள் டெய்லரக்கா. "டப்பாவுல நீயே எழுது."